சங்கத்தின் பதிவேடு யார் கையில்?

உறுப்பினர் சங்கங்களுக்கு உதவும் இணையவழிக் கருவிகளும் அவற்றைக் கையாளும் முறையும்

ஏப்ரல் மாதம் பிறந்ததும் நம் நகரங்களில் ஒரு காட்சியைக் காணலாம். தோளில் ஒரு துணிப்பை; அதனுள் கரித்தாள் வைத்த ரசீதுப் புத்தகம், ஒரு பேனா, சில்லறைக்கென ஓர் உறை. இவற்றுடன் ஏதேனும் ஒரு சங்கத்தின் பொருளாளர் ஆண்டுச் சந்தாவுக்காக வீடு வீடாகப் படியேறிக் கொண்டிருப்பார். 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம், 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற பெரிய அமைப்புகளாயினும், முப்பது வீட்டார் கூடி நடத்தும் குடியிருப்போர் நலச் சங்கமாயினும், வணிகர் சங்கமாயினும், முன்னாள் மாணவர் மன்றமாயினும், அவற்றைத் தாங்கி நிற்பவை இரண்டே: உறுப்பினர் தரும் சந்தா, உறுப்பினர் வைக்கும் நம்பிக்கை.

அந்தத் துணிப்பையின் இடத்தை இன்று கைப்பேசி பிடித்துவிட்டது. இம்மாற்றம் நன்மையா, தீமையா என்று விவாதிக்கும் காலம் கடந்துவிட்டது. அதை எவ்வாறு செய்வது என்பதே இப்போதைய கேள்வி. நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம்.

ஒரு சங்கத்துக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன், தமிழகத்துக்கு வெளியே ஒரு நகரில் நாம் செயற்குழு உறுப்பினராக இருந்த சங்கம் அது. பொருளாளர் ஆர்வம் மிக்கவர். நேர்மையில் எவரும் குறை காண இயலாதவர். ரசீதுப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டுக் கைப்பேசி வழியாகச் சந்தா பெறத் தொடங்கியவரும் அவரே. நாம் அனைவரும் பாராட்டினோம். பணம் அவருடைய சொந்த எண்ணுக்கு வரும். மாதக் கடைசியில் மொத்தமாகச் சங்கக் கணக்கில் செலுத்துவார். உறுப்பினர் பட்டியல் அவருடைய மடிக்கணினியில் இருந்தது. அதன் கடவுச்சொல் அவருடைய நினைவில் இருந்தது.

நிர்வாகிகள் தேர்தலுக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது அவர் பக்கவாதத்தால் விழுந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் பல மாதங்கள் பேச்சு திரும்பவில்லை.

ஒரு ரூபாய்கூடக் காணாமற் போகவில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆனால் அன்றைய நிலையில் யார் சந்தா செலுத்தியவர், யார் செலுத்தாதவர் என்று சொல்ல எவராலும் முடியவில்லை. இது வெறும் கணக்குச் சிக்கலன்று. 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம், பதினைந்தாம் பிரிவில், மூன்று மாதங்களுக்கு மேல் சந்தா நிலுவை வைத்திருப்பவர் வாக்களிக்கவோ உறுப்பினராகக் கணக்கிடப்படவோ உரிமையற்றவர் என்கிறது. ஆகவே, சந்தாப் பதிவேடு இல்லையேல் வாக்காளர் பட்டியலும் இல்லை. இரு தரப்பினர் இரு பட்டியல்களைக் கொண்டுவந்தனர். தேர்தல் தள்ளிப்போயிற்று. கூட்டத்தில் சிலர் சந்தேகத்தை வாய்விட்டே பேசினர். கணவர் மருத்துவமனையில் கிடக்க, அவருடைய மனைவி நம் முன் நின்று, “அவர் ஒரு காசுகூட எடுத்திருக்க மாட்டார்” என்று சொல்ல நேர்ந்தது. அந்தச் சொல்லைக் கேட்டபோது நாம் தலைகுனிந்தோம். தவறு அவருடையதன்று. ஒரு மனிதரின் கைப்பேசியைச் சங்கத்தின் அலுவலகமாக ஆக்கிவிட்டு வாளாவிருந்த நம் அனைவருடையதுமே.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: இது சங்கத்தின் பெயரில் இருக்கிறதா, தனி ஒருவரின் பெயரில் இருக்கிறதா?

முதற்படி: சங்கத்தின் பெயரில் கணக்கு

ஏழு பேர் சேர்ந்தால் மேற்கண்ட சட்டத்தின் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பல மாநிலங்கள் தமக்கெனத் தனிச்சட்டங்களையும் இயற்றியுள்ளன. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையில் உள்ளது. பதிவு பெற்ற சங்கம் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், நிரந்தரக் கணக்கு எண், கணக்கை இயக்குவோர் யார் என்று செயற்குழு நிறைவேற்றிய தீர்மானம், அவர்களின் அடையாளச் சான்றுகள் ஆகியவற்றைக் கிளையில் அளிக்க வேண்டியிருக்கும்.

காசோலைக் காலத்தில் இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் வெளியேறும். இணையவழி வங்கிச் சேவையிலும் அதே பாதுகாப்பு உண்டு. ஒருவர் பரிமாற்றத்தைப் பதிவு செய்வார். மற்றொருவர் தம் கைப்பேசியில் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பார். அமைப்புகளுக்கான இணையவழிச் சேவையைக் கோரிப் பெறும்போது இவ்வசதியைக் கேட்டு வாங்குதல் நலம். பொருளாளரே பதிவு செய்து அவரே ஒப்புதலும் அளிக்கும் ஏற்பாடு எவ்வளவு வசதியாயினும் வேண்டா. அது சங்கத்துக்கு மட்டுமன்றிப் பொருளாளருக்கும் பாதுகாப்பன்று.

நிர்வாகிகள் மாறியவுடன், புதிய தீர்மானத்தின் படியைக் கிளையில் சேர்த்து இயக்குவோர் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த பதினான்கு நாட்களுக்குள் செயற்குழுவினரின் பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதே வாரத்தில் வங்கிக்கும் அறிவிப்பதென ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் மறதிக்கு இடமிராது.

சந்தா: வருவது மட்டும் போதாது, யாருடையது எனத் தெரியவேண்டும்

இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016-இல் யு.பி.ஐ. முறையைக் கொண்டுவந்த பின், சந்தா செலுத்துவது ஒரு நிமிட வேலையாகிவிட்டது. வங்கியில் கேட்டால் சங்கத்தின் பெயரிலேயே கியூ.ஆர். அட்டை கிடைக்கும். அதை நுழைத்துப் பார்க்கும் உறுப்பினரின் திரையில் பொருளாளரின் பெயருக்கு மாறாகச் சங்கத்தின் பெயர் தோன்றும். இந்தச் சிறு வேறுபாடே நம்பிக்கைக்கு முதற்சான்று.

ஆயினும் பொருளாளர்களின் உண்மையான தலைவலி பணம் வந்த பிறகே தொடங்குகிறது. ஒரே நாளில் ஐந்நூறு ரூபாய் வீதம் நாற்பது வரவுகள். அவற்றுள் பாதி உறுப்பினரின் மகனோ மருமகளோ அனுப்பியவை. பெயரைக் கொண்டு ஆளை அறிய இயலாது. இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

எளியது, ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓர் எண் கொடுத்து, பணம் செலுத்தும்போது குறிப்புப் பகுதியில் அந்த எண்ணை எழுதச் சொல்வது. செலவில்லாத வழி இது. ஆனால் பலர் மறந்துவிடுவர்.

இரண்டாவது, மெய்நிகர் கணக்கு எண். பல வங்கிகள் அமைப்புகளுக்கு இச்சேவையை அளிக்கின்றன. சங்கத்தின் கணக்கு ஒன்றே. ஆனால் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனி எண் தரப்படும். அந்த எண்ணுக்கு யார் பணம் அனுப்பினாலும் அது சங்கத்தின் கணக்கில் சேர்வதோடு, எந்த உறுப்பினரின் சந்தா என்பதும் அறிக்கையில் தானாகவே பதிவாகும். ஓரிரு நூறு உறுப்பினர்களுக்கு மேற்பட்ட சங்கங்களுக்கு இது பெரிதும் பயன்படும்.

மூன்றாவது, தானியங்கிப் பற்று. யு.பி.ஐ. ஆட்டோபே வசதி 2020-இல் அறிமுகமாயிற்று. உறுப்பினர் ஒருமுறை ஒப்புதல் அளித்துவிட்டால் மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ சந்தா உரிய நாளில் தானே வந்து சேரும். 15,000 ரூபாய் வரையிலான சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ரகசிய எண்ணை இடவேண்டியதில்லை. பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உறுப்பினருக்கு அறிவிப்பு வரும். விரும்பாவிடில் ஒப்புதலைத் தம் செயலியிலேயே அவர் நீக்கிக்கொள்ளலாம். இந்த உரிமையை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்வது சங்கத்தின் கடமை.

நன்கொடை பெறும் சங்கங்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். வருமான வரிச் சலுகைக்குத் தகுதி பெற்ற அமைப்பாயினும், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடை ரொக்கமாகக் கொடுக்கப்பட்டால் கொடுப்பவருக்கு அச்சலுகை கிடைக்காது. ஆதலால் விழா மேடையில் பணக்கட்டைப் பெறுவதைக் காட்டிலும், வங்கி வழியாகப் பெற்று உடனே மின்ரசீது அனுப்புவதே இருவருக்கும் நன்மை.

பதிவேடு: எளிய விரிதாளே போதும்

உறுப்பினர் மேலாண்மைக்கென்றே பல மென்பொருள்கள் வந்துள்ளன. சந்தா நினைவூட்டல், ரசீது, கூட்ட அறிவிப்பு, புகார்ப் பதிவு என அனைத்தையும் ஒரே திரையில் தருபவை அவை. குடியிருப்போர் சங்கங்களில் மைகேட் போன்ற செயலிகள் வாயிற்காவல் முதல் பராமரிப்புக் கட்டணம் வரை கவனிக்கின்றன. சிவிசிஆர்எம் என்ற திறமூல மென்பொருள் உலகெங்கும் தன்னார்வ அமைப்புகளால் பயன்படுத்தப்படுகிறது.

இருப்பினும், இருநூறு பேர் கொண்ட சங்கத்துக்கு இணையத்தில் பகிரத்தக்க ஒரு விரிதாளே போதுமானது என்பது நம் கருத்து. உறுப்பினர் எண், பெயர், சேர்ந்த நாள், தொடர்பு எண், சந்தா செலுத்திய நாள், ரசீது எண் ஆகிய ஆறு கட்டங்கள் இருந்தால் பெரும்பாலான தேவைகள் நிறைவேறும். முக்கியமானது, அந்த விரிதாளைச் சங்கத்தின் பெயரில் தொடங்கிய மின்னஞ்சல் கணக்கில் வைத்திருப்பது. அந்தக் கணக்கின் மீட்பு எண்ணாகச் செயலாளரின் எண்ணும் மீட்பு மின்னஞ்சலாகத் தலைவரின் முகவரியும் இருக்கட்டும். கடவுச்சொல்லை ஓர் உறையிலிட்டு ஒட்டி, இருவர் கையொப்பத்துடன் அலுவலகப் பெட்டியில் வைப்பது பழைய முறையாகத் தோன்றலாம். ஆனால் பக்கவாதம் வந்த நாளில் நமக்குக் கைகொடுத்திருக்கக் கூடியது அதுவே.

கட்டண மென்பொருளை வாங்க முனைவோர் விற்பனையாளரிடம் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும். நாங்கள் வெளியேற விரும்பினால் முழுப் பதிவேட்டையும் விரிதாளாகத் தருவீர்களா? உறுப்பினர் எண்ணிக்கை கூடினால் கட்டணம் எவ்வளவு உயரும்? தமிழிலோ பிற இந்திய மொழிகளிலோ ரசீதும் அறிவிப்பும் அனுப்ப முடியுமா? முதல் வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால் மற்ற இரண்டையும் கேட்கவேண்டியதில்லை.

வாட்ஸ்அப் குழுவும் தீர்மானப் புத்தகமும்

இன்று சங்கங்களின் செய்திப் பலகை வாட்ஸ்அப் குழுவே. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். அதற்கு மேற்பட்டோர் உள்ள அமைப்புகள், 2022-இல் வந்த ‘கம்யூனிட்டி’ வசதியின் மூலம் பல குழுக்களை ஒரே கூரையின் கீழ் இணைக்கலாம். நிர்வாகிகள் மட்டுமே எழுதக்கூடிய அறிவிப்புக் குழுவைத் தனியாகவும், அளவளாவும் குழுவைத் தனியாகவும் வைத்தால், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கூட்ட அறிவிப்பு மறைந்து போகாது.

ஆனால் குழுவில் இருபது பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதால் ஒரு முடிவு தீர்மானமாகிவிடாது. முறைப்படி அறிவிப்பு, வேண்டிய எண்ணிக்கையில் வருகை, முன்மொழிதல், வழிமொழிதல், நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவு ஆகியவை இருந்தாலே அது சங்கத்தின் தீர்மானம். பிற்காலத்தில் வழக்கு என்று வந்தால் கேட்கப்படுவது அந்தக் குறிப்பேடுதான்.

காணொலிக் கூட்டங்களும் இதைப் போன்றவையே. கம்பெனிச் சட்டத்தின் கீழ் அமைந்தவை ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் காணொலி வழியாக நடத்த, 2020 மே மாதம் முதல் மத்திய அமைச்சகம் சுற்றறிக்கைகள் வழியே அனுமதி அளித்துவந்துள்ளது. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் அமைந்தவை தத்தம் துணைவிதிகளையும் மாநிலச் சட்டத்தையும் பார்க்கவேண்டும். துணைவிதியில் இடமில்லையேல், அடுத்த நேரடிக் கூட்டத்திலேயே திருத்தம் கொண்டுவந்து பதிவாளரிடம் பதிவு செய்துகொள்வது விவேகம். இணையத்தில் நடத்தும் வாக்கெடுப்பில் மற்றுமோர் எச்சரிக்கை தேவை. சாதாரண இணையப் படிவத்தில் பெயரையோ மின்னஞ்சலையோ கேட்டால் யார் யாருக்கு வாக்களித்தார் என்பது படிவத்தின் உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் ஒருவரே பலமுறை வாக்களிக்கலாம். சுற்றுலாத் தேதியை முடிவு செய்ய அது போதும். தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போதாது. அதற்கு, ஒருவருக்கு ஒரே வாக்கு என்பதையும் வாக்கின் ரகசியத்தையும் ஒருங்கே காக்கும் தனி மின்வாக்கெடுப்புச் சேவையோ, பழைய வாக்குப்பெட்டியோதான் தக்கது.

உறுப்பினர் விவரம் சங்கத்தின் சொத்தன்று

மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பதிவு பெற்றதோ பெறாததோ, பலர் கூடிய அமைப்பும் இச்சட்டத்தின் பார்வையில் ஒரு ‘நபர்’. ஆகவே, இது பெருநிறுவனங்களுக்கான சட்டம் என்று எண்ணிச் சங்கங்கள் ஒதுங்கியிருக்க முடியாது. தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

நடைமுறையில் செய்யவேண்டியவை கடினமானவையல்ல. எதற்காக விவரம் பெறுகிறோம் என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே தெளிவாக எழுதி ஒப்புதல் பெறவேண்டும். ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை உறுப்பினருக்கு அளிக்கவேண்டும். தேவையற்ற விவரத்தைக் கேட்கலாகாது. சந்தா வாங்குவதற்கு ஆதார் நகல் எதற்கு? பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஆண்டு மலரில் உறுப்பினர் அனைவரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அச்சிட்டு, அதையே கோப்பாக எல்லோருக்கும் அனுப்பும் வழக்கத்தையும் நாம் மறுபரிசீலனை செய்யவேண்டும்.

ஏன் எனில், மோசடிக்காரர்களுக்கு அத்தகைய பட்டியல் ஒரு புதையல். செயலாளரின் படத்தை இட்டு, “அவசரச் சிகிச்சைக்குப் பணம் தேவை” என்று உறுப்பினர்களுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். விழா அழைப்பிதழ் என்ற பெயரில் தீய செயலியின் கோப்பை அனுப்புகிறார்கள். சங்க அலுவலகத்தில் ஒட்டிய கியூ.ஆர். அட்டையின் மேல் வேறோர் அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். பணம் செலுத்தியதாகப் போலிப் படத்தைக் காட்டுவோரும் உண்டு. எனவே படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பின்னரே ரசீது வழங்கவேண்டும். பணம் பெறுவதற்கு எவரும் தம் ரகசிய எண்ணை இடவேண்டியதில்லை என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லலாம். ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். முதல் சில மணி நேரமே பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்புள்ள நேரம்.

படியேறி வந்தவரை மறவாதிருப்போம்

புதிய கருவிகள் புகும்போது சிலர் வெளியே நின்றுவிடுகின்றனர். ஒவ்வொரு சங்கத்திலும் அதைத் தோற்றுவித்த தலைமுறையினர் சிலர் இருப்பர். எண்பது வயதில் அவர்களால் செயலியை இயக்க இயலாமற் போகலாம். காசோலையும், கிளையில் நேரே செலுத்தும் வசதியும் அவர்களுக்காகத் தொடரட்டும். அறிவிப்புகளை அச்சிட்டு ஒட்டும் பலகையும் இருக்கட்டும். பொருளாளர் ஆண்டுக்கொரு முறை படியேறி வந்தது சந்தாவுக்காக மட்டுமன்று, நலம் விசாரிக்கவுந்தான். சந்தா தானே வந்துவிடுகிறது என்பதற்காக அந்த விசாரிப்பு நின்றுவிடக்கூடாது. கருவிகள் மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை அதற்குச் செலவிடலாம்.

அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்ய முனைவதும் தவறு. முதல் காலாண்டில் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும். அடுத்த காலாண்டில் பதிவேட்டை விரிதாளில் ஏற்றிச் சரிபார்த்தல். மூன்றாவதில் கியூ.ஆர். அட்டையும் மின்ரசீதும். அவை பழகிய பின், வேண்டுமானால் கட்டண மென்பொருள். ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது இருவருக்கு வேலை தெரிந்திருக்கவேண்டும்.

நாம் முன்னர்ச் சொன்ன சங்கம் அவ்வாறே செய்தது. பழைய வரவுகளை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு முடிக்க ஐந்து மாதங்கள் ஆயின. கணக்கு ஒரு காசும் பிசகாமல் நேராயிற்று. அதைச் சிறப்புக் கூட்டத்தில் உரக்கப் படித்து, குறிப்பேட்டில் பதிந்து, படியை அவருடைய இல்லத்துக்கு அனுப்பினோம். மறு ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அவர் கைத்தடியுடன் வந்தார். வாயிலில் ஒட்டியிருந்த பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘நிலுவை’ என்றிருந்தது. புதிய பொருளாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரோ சிரித்துக்கொண்டே தம் கைப்பேசியை எடுத்து, சுவரிலிருந்த அட்டையை நோக்கி நீட்டினார். திரையில் சங்கத்தின் பெயர் தோன்றியது. அதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுப் பணத்தைச் செலுத்தினார்; ரசீது வரும்வரை அங்கேயே நின்றிருந்தார்.